லைனர் வேறு, குரூஸ் கப்பல் வேறு: பழைய பயணிகள் கப்பல்களில் போனவர்கள் சொல்லுங்கள்

கடலோடி மகள்

வணக்கம். 2025 பிப்ரவரியில் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் கப்பலை பிலடெல்பியாவிலிருந்து இழுவைப் படகுகள் இழுத்துப் போன காணொளியை இன்னும் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன். 1952ல் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்த கப்பல் அது. அதற்குப் பிறகு வந்த எந்த லைனரும் அந்த நேரத்தை நெருங்கவில்லை. பெயிண்ட் உரிந்த அந்த இரண்டு புகைபோக்கிகளும் ஆற்றில் நகர்ந்து போனபோது கரையில் நின்றவர்கள் கையசைத்தார்கள். ஃபுளோரிடா கடலுக்கு அடியில் செயற்கைப் பாறைத்திட்டாக வைக்கத்தான் கொண்டு போனார்கள்.

சில வருடங்களாகவே குரூஸ் போய் வருகிறேன், பிடித்துத்தான் போகிறேன். ஆனால் பெரிய பயணிகள் கப்பல் எதைப் பார்த்தாலும் 'குரூஸ்' என்று சொல்லிவிடுவது எனக்கு உறுத்துகிறது. லைனர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆளைக் கொண்டு சேர்ப்பதற்காக ஓடியது. குரூஸ் கப்பல் பெரும்பாலும் ஏறிய துறைமுகத்திலேயே இறக்கிவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் கப்பலின் உடம்பையும், அதில் போகிறவர் மனதையும் எவ்வளவு மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. பழைய கப்பல்களில் போனவர்களும் வேலை பார்த்தவர்களும் இங்கே இருப்பீர்கள். நினைவில் இருப்பதை எழுதுங்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: அந்த அனுபவத்தில் ஏதாவது இன்றும் மிச்சம் இருக்கிறதா?


சுக்கான்

நல்ல கேள்வி அம்மா. என் வேலைக்காலம் முழுக்க எஞ்சின் ரூமில்தான் போனது, அதனால் கப்பலின் உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

லைனருக்கு முதல் எஜமான் கால அட்டவணை. பழைய கப்பல்களின் பெயருக்கு முன்னால் ஆர்.எம்.எஸ். என்று பார்த்திருப்பீர்கள். ராயல் மெயில், அதாவது தபால் ஒப்பந்தம் உள்ள கப்பல். புயல் வந்தாலும் வராவிட்டாலும் சொன்ன நாளில் போய்ச் சேர வேண்டும். அதனால் வேகத்தில் எப்போதும் கொஞ்சம் கையிருப்பு வேண்டும், வழியில் இழந்த மணிகளைப் பிடிக்க. அந்த வேகத்துக்காக ஒல்லியான, நீண்ட, தண்ணீருக்குள் ஆழமாக இறங்கிய உடல். அலை வந்து மோதுவதற்கென்றே நீண்ட முன்தளம். அதில் ஏறிய தண்ணீரைத் தடுத்துத் திருப்பிவிட குறுக்கே ஒரு தடுப்புச் சுவர்.

வேகம் என்பது மிகவும் விலை கேட்கும் சமாச்சாரம். ஒரு கப்பலுக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடியாக ஏறும். 22 நாட் (மணிக்கு 22 கடல் மைல்) வேகத்தில் போகிற கப்பலை 28 நாட்டுக்குக் கொண்டுபோக அதே எஞ்சின் சக்தி இரண்டு மடங்கு வேண்டும். க்யூஈ2, அதாவது க்வீன் எலிசபெத் 2 லைனர், இந்த 28 நாட்டைத் தினசரி வேகமாக வைத்துக்கொண்டு ஓடியது. இன்றைய ஐகான் ஆஃப் த சீஸ் என்ற குரூஸ் கப்பல் 22 நாட் வேகத்தில் போகிறது. ராத்திரி ஒரு தீவிலிருந்து கிளம்பிக் காலையில் அடுத்த தீவுக்குப் போக அது போதும். மிச்சமாகும் இடத்தையும் எடையையும் கேபினுக்கும் நீச்சல் குளத்துக்கும் கொடுத்துவிடலாம். அதில் தப்பே இல்லை. வேலை வேறு, அதனால் வடிவம் வேறு.

இன்னொரு விஷயம். 'டைட்டானிக்கைப் போல ஐந்து மடங்கு எடை' என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். டைட்டானிக் 46,328 டன், ஐகான் 2,48,663 டன் என்பது மொத்த டன் அளவு. அது கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கணக்கு, எடை அல்ல. குரூஸ் கப்பல் உயரமாக வளர்வதால் இந்த எண் வேகமாக ஏறுகிறது.


பால்கனி ரசிகை

லைனர் பற்றிப் பேசும்போது எல்லாருக்கும் பெரிய மாடிப்படியும் நடன அரங்கமும்தான் கண்முன் வருகின்றன. அது முதல் வகுப்பு. க்வீன் மேரி என்ற பழைய லைனரில் மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம். கீழ் வகுப்பில் ஏறினவர் அந்த மாடிப்படியைப் பார்க்காமலேயே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஜன்னல் இல்லாத அறை, நான்கு பேருக்கு அடுக்குக் கட்டில், நடைபாதைக் கோடியில் பொதுக் குளியலறை.

நான் என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் குரூஸ் கூட்டிப் போனேன். லிஃப்ட், அகலமான கதவு, தடுக்காத வாசல்படி, எல்லாம் இருந்தன. அம்மா அறை பால்கனியில் உட்கார்ந்து பகல் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய லைனர்களில் கதவுக்குக் கதவு தண்ணீர் புகாமல் இருக்க உயரமான நிலைப்படி. அவரால் ஒரு டெக்கைக்கூடச் சுற்றி வந்திருக்க முடியாது. இன்றைய கப்பல்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.


தென்சிலுவை

நான் கான்பெரா என்ற லைனரில் போனவள். அறுபதுகளின் கடைசி, சவுத்தாம்ப்டனில் ஏறி சிட்னியில் இறங்கினோம். சூயஸ் கால்வாய் 1967லிருந்து 1975 வரை மூடிக் கிடந்ததே, அந்தக் காலம். அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனோம். சிறுமியான எனக்கு அது பாக்கியமாகத்தான் பட்டது, கப்பலில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே!

பால்கனி ரசிகை சொன்ன குளியலறை விஷயம் உண்மை. காலையில் துண்டோடு வரிசையில் நிற்போம். ஆனால் அந்த வரிசையில்தான் அம்மாவுக்கு வாழ்நாள் சிநேகிதி ஒருத்தி கிடைத்தாள்.

முதலில் ஞாபகம் வருவது பெட்டிகளில் ஒட்டிய சீட்டுகள். பயணத்தில் தேவைப்படுவது, தேவைப்படாதது என்று இரண்டு விதம். தேவைப்படாதது என்று ஒட்டிவிட்டால் பெட்டி கப்பலின் அடிவயிற்றுக்குப் போய்விடும், ஊர் சேரும்வரை கண்ணில் படாது. எங்கள் வீட்டுப் பாத்திரம், தையல் மெஷின், அப்பாவின் புத்தகங்கள் எல்லாமே அந்தச் சீட்டோடு கீழே போயின. எது கூட வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று அம்மா முந்தின ராத்திரி தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்ததை மறக்கவே முடியாது. குரூஸுக்குப் போகிற யாரும் வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு ஏறுவதில்லை.

புறப்படும்போது டெக்கில் நிற்கிறவர்கள் கலர் காகித ரிப்பன் சுருளின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு சுருளைக் கரையில் நிற்கிறவர்களிடம் வீசுவார்கள். கப்பல் விலக விலக ரிப்பன் இழுபட்டு ஒவ்வொன்றாக அறுந்து போகும். பெரியவர்கள் அழுதார்கள். திரும்பி வருவோமா என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் தினமும் நண்பகலில் கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது, நேற்றிலிருந்து எத்தனை மைல் ஓடியது என்று வரைபடத்தில் குறித்து மாட்டுவார்கள். மைல் கணக்கைச் சரியாகச் சொல்கிறவருக்குப் பந்தயப் பணம். அப்பா ஒருநாளும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த வரைபடத்தின் முன்னால் நின்றுதான் எனக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

கப்பலில் இருந்த எல்லாருமே எங்கேயோ குடிபெயர்ந்து போகிறவர்கள். பழைய வேலை முடிந்துவிட்டது, புது வேலை தொடங்கவில்லை. பெரியவர்கள் அவ்வளவு ஓய்வாக இருந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.


சுக்கான்

தென்சிலுவை அம்மா, கான்பெரா பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். 1961ல் வந்த கப்பல், பெல்ஃபாஸ்ட் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கட்டியது. எஞ்சின்களைப் பின்பக்கம் தள்ளி, இரண்டு புகைபோக்கிகளையும் பக்கம் பக்கமாக வைத்து, உயிர்காப்புப் படகுகளைக் கீழே இறக்கி வைத்தார்கள். நடுப்பகுதி முழுதும் பயணிகளுக்கு. இன்றைய குரூஸ் கப்பல்களில் படகுகள் கீழே இருக்கின்றனவே, அதற்கு வழி காட்டியவற்றில் அது ஒன்று. 1973ல் நியூயார்க்கிலிருந்து குரூஸ் விட்டுப் பார்த்தபோது சரிப்படவில்லை. தண்ணீருக்குள் ஆழம் அதிகம், பல சின்னத் துறைமுகங்களுக்குள் போக முடியவில்லை. உடைக்கப் போகிறார்கள் என்ற நிலையிலிருந்து தப்பி, ஒரே வகுப்புக் குரூஸ் கப்பலாக மாறி, 1982 ஃபாக்லாந்து போருக்குப் படை ஏற்றிப் போய், 1997 வரை ஓடியது.


நாகைக்காற்று

பால்கனி ரசிகை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டீர்கள். அதற்கும் கீழே ஒரு வகுப்பு இருந்தது, டெக் பயணி. அறையே கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவர் இடம்.

எஸ்.எஸ். ராஜுலாவை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1926ல் கிளாஸ்கோவில் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. ஒரு லைனர் ஒரே தடத்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடுவது சாதாரண விஷயம் இல்லை. ஆயிரக்கணக்கில் டெக் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் 1966ல் பாஸ்டர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் தென் அமெரிக்கப் பயணத்துக்குக் கட்டிய சொகுசுக் கப்பல். 1984 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தத் தடத்தின் கதை முடிந்தது.

என் பாட்டி ராஜுலாவில் டெக்கில் போனவர். கப்பல் அழகாக இருந்ததா என்று கேட்டால் பதில் வராது. பக்கத்துப் பாயில் கைக்குழந்தையோடு இருந்தவளுக்கு வெயில் படாமல் இருக்கச் சேலையைக் கட்டித் தொங்கவிட்டது, ராத்திரி மழை வந்தபோது எல்லாரும் எழுந்து நடுவில் குழந்தைகளை நிறுத்திச் சுற்றி நின்றது, இதையெல்லாம் சொல்வார். லைனர் வரலாறு எழுதுகிறவர்கள் நடன அரங்கத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்குகிறார்கள். டெக்கில் படுத்துப் போனவர்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. கப்பல் ஓடியதே பெரும்பாலும் இவர்கள் கொடுத்த காசில்தான்.


கடலோடி மகள்

நாகைக்காற்று அண்ணா, பாட்டி சொன்னதையெல்லாம் எங்கேயாவது எழுதி வையுங்கள். தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.


முகில்வண்ணன்

எனக்கு ஒரு சந்தேகம். லைனர்களை ஒழித்தது குரூஸ் கம்பெனிகளா, விமானமா?


அந்திவானம்

விமானம்தான். 1958 அக்டோபரில் காமெட் 4, போயிங் 707 என்ற ஜெட் விமானங்கள் அட்லாண்டிக் சேவையைத் தொடங்கின. ஐந்து நாள் வேலை ஒரு பகலுக்குள் முடிந்தது. அந்த நேரத்தில்கூடப் பல நாடுகள் லைனர் கட்டிக்கொண்டிருந்தன என்பதுதான் மனதைப் பிசைகிறது. எஸ்.எஸ். பிரான்ஸ் என்ற கப்பல் 1962ல் முதல் பயணம் போனது. இத்தாலியின் மைக்கேலாஞ்சலோ, ரஃபேலோ என்ற லைனர்கள் 1965ல் வந்தன. பிறக்கும்போதே காலம் கடந்துவிட்ட கப்பல்கள். ஆனால் எவ்வளவு அழகு! மைக்கேலாஞ்சலோவின் புகைபோக்கிகளைச் சுற்றியிருந்த அந்தக் கம்பிக்கூடு வேலைப்பாட்டுக்கு இணையாக இன்றுவரை நான் எதையும் பார்க்கவில்லை.

குரூஸ் ஒழித்தது என்பது தலைகீழான பேச்சு. பல லைனர்களைக் காப்பாற்றியதே குரூஸ்தான். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் ஆள் குறையும்போது லைனர்களை வெயில் நாடுகளுக்கு உல்லாசப் பயணம் அனுப்புவது பழைய வழக்கம். ஜெர்மன் கம்பெனி ஒன்று 1891லேயே ஆகஸ்டா விக்டோரியாவை மத்தியதரைக் கடலுக்கு அப்படி அனுப்பியது. இருபது வருடம் வேகப் பட்டத்தை வைத்திருந்த மொரிட்டேனியா கடைசிக் காலத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்துக்கொண்டு குரூஸ் போனது.

இதில் எஸ்.எஸ். பிரான்ஸ் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 316 மீட்டர். 2004ல் க்வீன் மேரி 2 வரும்வரை அதைவிட நீளமான பயணிகள் கப்பல் இல்லை. 1974ல் அரசு மானியம் நின்றதும் கப்பலும் நின்றது. லெ ஹாவ்ர் பக்கத்தில் வருடக்கணக்கில் சும்மா கிடந்தது. 1979ல் நார்வேக்காரர் நட் குளோஸ்டர் வாங்கி, நார்வே என்று பெயர் மாற்றி, கரீபியனுக்குக் கொண்டு வந்தார். வேகம் இனி வேண்டாம் என்று நான்கு ப்ரொப்பெல்லர்களில் இரண்டைக் கழற்றினார்கள். துறைமுகங்களுக்குள் போக முடியாத அளவுக்குப் பெரிது என்பதால், கரைக்கு ஆட்களைக் கொண்டுபோக இரண்டு பெரிய படகுகளை முன்தளத்தில் தூக்கி வைத்தார்கள். கப்பலே பயணத்தின் முக்கிய இடம் என்ற எண்ணம் வேர்விட்டது அங்கேதான். இன்றைய ராட்சதக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் நேரடி முன்னோடி ஒரு பழைய பிரெஞ்சு லைனர்.

2003 மே மாதம் மயாமியில் பாய்லர் வெடித்து எட்டு ஊழியர்கள் இறந்தார்கள். பிறகு அது பயணிகளை ஏற்றவே இல்லை. ஆலங் கடற்கரையில் உடைத்தார்கள்.


முகில்வண்ணன்

நன்றி சார். இன்னொன்று. குரூஸ் கப்பல் இவ்வளவு உயரமாக, ஆழம் குறைவாக இருந்தால் பெரிய அலையில் ஆபத்து இல்லையா? என் மனைவி இதைக் கேட்டுத்தான் டிக்கெட் எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.


சுக்கான்

தம்பி, பயப்பட வேண்டியதில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். எடையுள்ள எஞ்சின், எரிபொருள், தண்ணீர் எல்லாம் கீழே. மேல் டெக்குகள் லேசாகக் கட்டப்பட்டவை. கவிழாமல் நிமிர்வதற்கான கணக்குக்கு உலக விதி இருக்கிறது, அதில் தேறாமல் எந்தக் கப்பலும் ஓட முடியாது. அதோடு குரூஸ் கப்பலுக்கு ஒரு சௌகரியம்: புயல் வந்தால் துறைமுகத்தை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடலாம். லைனருக்கு அந்தச் சுதந்திரம் குறைவு.

லைனர்கள் பட்ட அடி சாமானியமானதல்ல. 1966 ஏப்ரலில் மைக்கேலாஞ்சலோவின் முகப்பில் ஓர் அலை அடித்து மேல்கட்டு நொறுங்கி மூன்று பேர் இறந்தார்கள். 1995 செப்டம்பரில் க்யூஈ2 மேல் ஏறக்குறைய 29 மீட்டர் உயர அலை வந்தது. கேப்டன் ரொனால்ட் வார்விக் கப்பலை நேராக அலையின் மேல் ஏற்றினார். முன்தளத்தில் சேதம், யாருக்கும் பெரிய காயமில்லை. உடம்பு அதற்காகவே கட்டப்பட்டிருந்தது.

ஆட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் சாய்கிற ஆட்டத்தை ஸ்டெபிலைசர் துடுப்புகள் பெருமளவு அடக்கும். க்வீன் மேரிக்கு அதை 1958ல்தான் பொருத்தினார்கள். அதுவரை அவள் ஆடிய ஆட்டம் பிரசித்தம். ஆனால் முன்னும் பின்னும் தூக்கிப் போடுகிற ஆட்டத்துக்குத் துடுப்பால் பிரயோஜனம் இல்லை. அதற்கு நீளமான கப்பலும் நடுப்பகுதி அறையும்தான் மருந்து.


தென்சிலுவை

கடலோடி மகள் முதலில் சொன்ன யுனைடெட் ஸ்டேட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்கு அடியில் வைக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நீளமும் கம்பீரமும் அப்படியே இருக்கிற கப்பலைக் கையாலேயே மூழ்கடிப்பதா?


அந்திவானம்

அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மாற்று வழி என்ன என்று பார்க்க வேண்டும். 1969ல் ஓய்வு பெற்ற கப்பல். உள்ளே மரச்சாமான், அறை, விளக்கு எதுவுமே இல்லை, முன்பே ஏலம் போட்டு எடுத்தாகிவிட்டது. காப்பாற்றப் பார்த்தவர்கள் பணமில்லாமல் போராடினார்கள். உடைக்கும் கரைக்குப் போயிருந்தால் வெறும் இரும்பாகவும் அலுமினியமாகவும் போயிருக்கும். தண்ணீருக்கு அடியிலாவது கப்பல் வடிவத்தில் இருக்கும்.

பயணிகள் கப்பலைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். 2010 அக்டோபரில் அமலுக்கு வந்த கடல் பாதுகாப்பு விதி, எரியக்கூடிய மரவேலை நிறைந்த பழைய கப்பல்களை ஓடவிடவில்லை. தீ விஷயத்தில் அந்த விதி அவசியம். ஆனால் அத்தோடு தேக்கும் வால்நட்டுமாக இழைத்த அறைகள் கடலிலிருந்து போயின. கரையில் கட்டி வைத்தால் துரு நிற்பதில்லை, செலவும் நிற்பதில்லை.


நாகைக்காற்று

பிழைத்தவையும் உண்டு. க்வீன் மேரி லாங் பீச்சில், க்யூஈ2 துபாயில், ராட்டர்டாம் தன் பெயருள்ள ஊரிலேயே. மூன்றும் ஹோட்டல்கள். நான் நேரில் பார்த்தது யோகோஹாமாவில் இருக்கும் ஹிகாவா மாரு. 1930ல் வந்த ஜப்பானிய லைனர், போரில் மருத்துவமனைக் கப்பலாக இருந்து தப்பியது. சாப்ளின் 1932ல் அதில் பயணம் செய்திருக்கிறார். முதல் வகுப்பு அறைகளைப் பார்த்துவிட்டு அப்படியே எஞ்சின் ரூமுக்கு இறங்கலாம். மூன்றாம் வகுப்பு அடுக்குக் கட்டிலையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்காகவே எனக்கு அந்த அருங்காட்சியகத்தின் மேல் மரியாதை. அந்தக் கட்டிலின் முன்னால் நின்றபோது பாட்டியைத்தான் நினைத்தேன்.


கடலோடி மகள்

எல்லாரும் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தென்சிலுவை அம்மா சொன்ன அந்த ஓய்வு, நாகைக்காற்று அண்ணாவின் பாட்டி சுற்றி நின்ற மழை ராத்திரி, இரண்டுமே கப்பல் கொடுத்த வசதியால் வந்தவை இல்லை என்று படுகிறது. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள், நடுவில் இறங்க வழியில்லை. அதுதான் அவர்களை ஒன்றாக நிறுத்தியது. குரூஸில் எனக்குப் பிடித்தவை நிறைய உண்டு, ஆனால் இது கிடைத்ததில்லை.

அதனால் அடுத்த முறை க்வீன் மேரி 2ல் அட்லாண்டிக் கடப்பது என்று முடிவு செய்துவிட்டேன். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்கா, நியூயார்க்கிலிருந்து சவுத்தாம்ப்டனா? எந்தப் பக்கம் நல்லது?


பால்கனி ரசிகை

நான் அதில் போயிருக்கிறேன். குரூஸை விட்டுக்கொடுக்காதவள் நான், ஆனால் இந்தக் கப்பல் தனி ரகம் என்று மனதாரச் சொல்வேன். மேற்கு நோக்கிப் போங்கள். வழியில் ஐந்து ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். கிழக்கே வந்தால் அதே ஐந்து மணியும் பறிபோகும். நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் இறங்கும்போது உடம்பு அசந்து போகாது. நடுவில் துறைமுகம் எதுவும் கிடையாது, பார்க்கப் போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லை. இரண்டாம் நாளே முகங்கள் பழகிவிடும்.


சுக்கான்

ஸ்டீபன் பெய்ன் வடிவமைத்து, சேன் நசேரில் கட்டி, 2004 ஜனவரியில் கிளம்பிய கப்பல். உண்மையான லைனராகவே கணக்குப் போட்டுக் கட்டினார்கள். 30 நாட் வரை போகும், இப்போது ஏழு ராத்திரியில் நிதானமாகக் கடக்கிறது. அட்லாண்டிக் அலை எட்டாமல் இருக்க உயிர்காப்புப் படகுகளை வழக்கத்தைவிட உயரத்தில் வைக்கத் தனி அனுமதி வாங்கினார்கள்.

அறை நடுப்பகுதியில், கீழ் டெக்காகப் பார்த்து எடுங்கள். உடலிலேயே வெட்டிய, காற்றுக்கு மறைவான பால்கனி கிடைக்கும். அட்டகாசமான கடல்தான் பார்க்க வேண்டும் என்றால் குளிர்காலம், இல்லாவிட்டால் கோடை. ஏழாவது டெக்கில் கப்பலைச் சுற்றி நடக்கலாம், மூன்று சுற்று வந்தால் ஒரு மைலுக்குச் சற்று மேல். முன்தளத்தில் பெரிய உலோக இதழ்கள் வரிசையாகப் பதித்திருப்பதைப் பார்ப்பீர்கள். சிற்பம் என்று பலர் போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். அவை உதிரி ப்ரொப்பெல்லர் பிளேடுகள், தேவைப்பட்டால் கழற்றி மாட்டுவதற்கு.